பதினாலாம் நம்பர் வீட்டு மாமரம்

போன வாரம் படிக்காதவர்களுக்காக: நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்குப் பிழைக்க வந்த குடும்பம் இது. அக்கா சிவசங்கரி, தம்பி ஹரிபாபு, அம்மா வெங்கடம்மா. ஏர்பேடு போகிற ரோட்டில், பழைய மாந்தோப்பை அழித்துக் கட்டின ஆம்ரவனம் வில்லாஸில் புல்தரை, வேலிச்செடி, மரம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. காண்டிராக்ட் சிவசங்கரி பேரில். போன வாரம் அவள் தம்பிக்குப் பெண் பேசி முடிக்க நாராயணவனம் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஹரிபாபு அந்தக் காரியத்தைச் செய்துவிட்டான்.

தோப்பு வேலையில் வளர்ந்தவன் அவன். காய் இறக்கினதும் மரத்தில் ஏறி நடுக்கிளைகளை வெட்டி எடுத்துவிட வேண்டும், மரத்தின் வயிற்றுக்குள் வெயில் விழ வேண்டும், அப்போதுதான் அடுத்த வருஷம் காய் பிடிக்கும். பத்து வயதிலிருந்து கை பழகின வேலை. பதினாலாம் நம்பர் வீட்டு ஓரத்து மாமரத்தையும் அதே கையால் வெட்டினான். சுத்தமான வெட்டு. காயத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டுத்தான் இறங்கினான்.

மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டு மாடி பாத்ரூம் ஜன்னலுக்கு அந்த மரம்தான் மறைப்பு. இப்போது கிளப் ஹவுஸ் வராண்டாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறவனுக்கு ஜன்னல் நேர் எதிரே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செக்ரட்டரி ஜெயச்சந்திரன் போன் பண்ணினார். சித்தூர்க்காரர். தமிழ் பேசுவார்.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் டிபனுக்கு கிளப் ஹவுஸ் வருவாங்க. உன் தம்பி வந்து பதினாலாம் நம்பர் பிரசாத் சார் கால்ல விழுந்து ஒரு மன்னிப்பு கேட்டுட்டா முடிஞ்சுது. குரூப்ல போட ஒரு சின்ன வீடியோ. அவ்ளோதான்."

"வீடியோ எதுக்கு சார்?"

"வெளியூர்ல இருக்கற ஓனர்ஸும் பாக்கணும் இல்ல? அமெரிக்காவுல இருக்காங்க, பெங்களூர்ல இருக்காங்க."

"வெட்னது ஒரு மரம் சார். அதுக்கு அமெரிக்கா வரைக்குமா மன்னிப்பு கேக்கணும்?"

"வாய் பேசாத சிவசங்கரி. இந்தப் பக்கத்து வில்லா செக்ரட்டரிங்க எல்லாம் ஒரே குரூப்ல இருக்கோம். ஒரு இடத்துல பேர் கெட்டா எல்லா இடத்துலயும் கெடும். பாத்துக்கோ."

போனை வைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடு முழுக்கக் கேட்டிருந்தது.

வெங்கடம்மா அடுப்படியிலிருந்தே பேசினாள். "விழுந்தா இன்னா? மண்ணு ஒட்னா தட்டிவுட்டுப் போறான். உங்க நைனா விழாத காலா?"

"அதுக்குத்தாம்மா சொல்றேன். நைனா விழுந்தது போதும்."

"பேசுவடி நீ. ஆறு பேரு உன்ன நம்பி வேலைக்கி வந்துக்கினு கீறாங்க. நாளைக்கி அவங்க சட்டில நீ அரிசி போடுவியா?"

அந்த ஆறு பேரில் நாலு பேர் பெண்கள். களை பிடுங்கி, புல் வாரி, வெயிலில் கருகிப் போனவர்கள். இந்த இடம் போனால் அவர்கள் மறுபடியும் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும்.

ஹரிபாபு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "தப்பு என்னுதுதான்க்கா. ஊட்டு மரத்த தோப்பு மரம்னு நெனச்சி வெட்டிட்டேன். விழுந்துட்டு வந்துடறேன், உடு."

"தப்புக்கு வேல செஞ்சி குடுப்போம்டா. வலை கட்டுவோம், மூங்கில் வெப்போம். முதுகு எதுக்கு வளையணும்?"

"முதுகு வளையாம புல்லு வார முடியுமாடி?" என்றாள் வெங்கடம்மா. "கெளம்பு."

சின்ன யானை சரக்கு வண்டியில் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

உள்ளே போனதும் சிவசங்கரி வண்டியை ஷெட் பக்கம் நிறுத்தினாள். "நீங்க இங்கியே இருங்க. நான் மொதல்ல அந்த ஊட்டம்மாவப் பாத்துட்டு வர்றேன். நான் வராம யாரும் கிளப் ஹவுஸ் பக்கம் போவக் கூடாது."

பச்சை வலையை ஒரு தோளிலும் ஏணியை மறு தோளிலும் போட்டுக்கொண்டு பதினாலாம் நம்பர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

பிரசாத்தின் மனைவி சுமித்ரா கதவைத் திறந்தாள். ஐம்பது வயதிருக்கும். பிறந்தது புத்தூர். புருஷன் பக்கத்தில் இருந்தால் தெலுங்குதான், இல்லாவிட்டால் தமிழும் வரும்.

"சார் கிளப் ஹவுஸ் போயிட்டாரு," என்றாள்.

"உங்களத்தான் மேடம் பாக்க வந்தேன். தப்பு எங்களுது. என் தம்பி தோப்புப் பழக்கத்துல வெட்டிட்டான். கெள மறுபடியும் அடைய ரெண்டு மழ ஆவும். அதுவரைக்கும் இந்த வல நிக்கும். வெயில்ல கிழிஞ்சா நானே வந்து மாத்தித் தர்றேன். செவுரு ஓரம் மூங்கில் வெச்சுடறேன். உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன் மேடம்."

சுமித்ரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் இந்த விஷயமாக அவளிடம் வந்து பேசின முதல் ஆள் இவள்தான் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"கட்டு," என்றாள்.

சிவசங்கரி ஏணி வைத்து ஏறினாள். ஜன்னலுக்கு மேலே இருந்த பைப்பில் வலையின் ஒரு முனையைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். கீழே நின்ற சுமித்ரா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் தம்பிய கால்ல விழ வேணாம்னு சொல்லு."

"ஏன் மேடம்?"

"சார் அங்க மரத்தப் பத்திப் பேசல. கிளை மேல உக்காந்துக்கிட்டு பாத்ரூம் உள்ள பாத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு. வெட்னதே அதுக்குத்தானாம். இப்போ கால்ல விழுந்தா ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

கம்பி முறுக்கின கை அப்படியே நின்றது. சிவசங்கரி நேராகவே கேட்டாள்.

"பாத்தானா மேடம்?"

"என்னத்தப் பாக்கறது? அன்னிக்கு நான் வீட்லயே இல்ல. பாத்ரூம்ல பக்கெட்டுதான் இருந்துச்சு."

சிவசங்கரி ரெண்டு ரெண்டு படியாக இறங்கினாள். "அத வந்து சொல்லுங்க மேடம். ஒரே ஒரு வார்த்த. இப்பவே வாங்க."

சுமித்ரா பின்வாங்கினாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது."

"ஏன்?"

"அன்னிக்கு சார் பெங்களூர்ல பையன் வீட்ல இருந்தாரு. நான் புத்தூர் போய் என் தங்கச்சியப் பாத்துட்டு வந்தேன். அவ வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காரு, ஆறு வருஷமா. நான் போனது தெரிஞ்சா... உன்கிட்ட சொன்னதே ஜாஸ்தி. போ."

கதவு சாத்திக்கொண்டது.

சிவசங்கரி ஷெட்டுக்கு ஓடினாள். வண்டி நின்றது, ஆட்கள் இல்லை. களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண், "செக்ரட்டரி வந்து இட்டுக்கினு போய்ட்டாருக்கா," என்று கையைக் காட்டினாள்.

கிளப் ஹவுஸில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சில பேர் தட்டில் இன்னும் இட்லி இருந்தது. நடுவில் நாகேந்திர பிரசாத், வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேன்ட்டுமாக, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். பெரிய உத்தியோகத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடி போட்ட ஒரு ஆள் போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஹரிபாபு செருப்பை வெளியே விட்டுவிட்டு டைல்ஸ் தரையில் நின்றான். பின்னால் வெங்கடம்மா, அவன் பிடரியில் கை வைத்திருந்தாள். அவன் முட்டி மடங்க ஆரம்பித்திருந்தது.

"டேய் ஹரி! எழுந்திருடா!"

சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள் சிவசங்கரி. மேல் பட்டன் தெறித்து இட்லித் தட்டு ஒன்றில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். சட்டென்று அடங்கினார்கள்.

"ஏமம்மா, மத்யலோ நூவெவரு?" என்றார் பிரசாத். நடுவில் வந்து நிற்க நீ யார் என்று.

"காண்டிராக்ட் என் பேர்ல இருக்குது சார். மரத்த வெட்னதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன். நின்னுக்கினு கேக்கறேன். உங்க ஊட்டம்மாகிட்டயும் கேட்டுட்டு வந்துட்டேன். ஆனா இவன் எதுக்கு விழறான்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. அத உங்க வாயால சொல்லுங்க."

"சிவசங்கரி, அதெல்லாம் எதுக்கும்மா இப்போ..." என்று ஜெயச்சந்திரன் எழுந்தார்.

"சொல்லட்டும் சார். இவ்ளோ பேருக்குத் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா?"

பிரசாத்துக்கு முகம் சிவந்தது. "ஆடவாள்ளு ஸ்நானம் சேஸே கதிலோகி சூஸாடு வீடு! சாலா?"

பெண்கள் குளிக்கிற அறைக்குள் பார்த்தானாம். போதுமா என்று வேறு கேட்கிறார். வெங்கடம்மாவுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தெலுங்கு நிலத்தில் நாற்று நட்டே பாதி ஆயுசைக் கழித்தவள்.

மகன் பிடரியிலிருந்து கையை எடுத்தாள்.

"பாத்தியாடா?"

"இல்லம்மா," என்றான் ஹரிபாபு. "ஒரு கையில ரம்பம், இன்னொரு கையில கெள. காலு வெச்ச எடத்தப் பாக்கறதுக்கே கண்ணு பத்தல. உள்ள பாத்திருந்தா கீழதான் உழுந்திருப்பேன்."

அவள் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பெற்றவளுக்கு அது போதும். பிறகு பிரசாத் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, மரத்துக்காகன்னுதான் நானே இவன் கழுத்தப் புடிச்சி இட்டாந்தேன். எம் புருசன் கருப்பன் உங்கள மாதிரி ஆளுங்க கால்ல எத்தினியோ தபா விழுந்தான். நானும் விழுந்தேன். மாடு போய் பயிர மேஞ்சிட்ச்சின்னு விழுந்தோம், வேலைக்கி லேட்டா வந்தோம்னு விழுந்தோம். அது எல்லாம் நாங்க பண்ணது. பண்ணாத தப்புக்கு விழச் சொன்னா எப்டி?"

"ஏய், மெல்ல மாட்லாடு," என்றது ஒரு நாற்காலி.

"மெல்லப் பேசனா உங்களுக்குக் கேக்க மாட்டுது." அவள் போன் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். "நீ ஏன்பா போன கீழ எறக்கிட்ட? புடி. எம் மவன் விழறத மட்டுந்தான் புடிப்பியா? நான் பேசறதயும் புடி. நாராயணவனத்துல தேன்மொழின்னு ஒரு பொண்ண இவனுக்குப் பேசி வெச்சிக்கீறோம். அதுவும் கேக்கட்டும்."

அந்த ஆள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிவசங்கரிக்கு நாக்கின் நுனியில் நின்றது. அன்றைக்கு அந்த வீட்டில் ஆளே இல்லை. இவ்வளவுதான் வார்த்தை. சொன்னால் தம்பி பிழைப்பான். இந்தக் கூட்டம் வாயை மூடும். சாயந்திரம் பதினாலாம் நம்பர் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. கதவைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்ததில் கொஞ்சம் தெரியும்.

சொல்லவில்லை. விழுங்கினாள். மிளகாய் விழுங்கினது போல எரிந்தது.

"இப்படி அடம் புடிச்சா காண்டிராக்ட் கேன்சல்," என்றார் ஜெயச்சந்திரன். "இன்னிக்கே. இப்பவே."

"பண்ணிக்கோங்க சார். எங்க மெஷின ஏத்திக்கினு போறோம்."

"யக்கா..." என்றான் ஹரிபாபு.

"செருப்பப் போட்றா."

புல் வெட்டும் மெஷின், வேலிச்செடி கத்தரி, மருந்தடிக்கிற பம்பு, நீளக் கழி ரம்பம், பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து எடுத்து வந்த ஏணி. எல்லாம் வண்டியில் ஏறின. களை பிடுங்குகிற பெண்களும் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. "நீங்க இருங்கடி, உங்கள ஒண்ணும் சொல்லலியே," என்றாள் சிவசங்கரி. "இன்னிக்கி உன் தம்பியச் சொன்னான், நாளைக்கி எங்களத் திருடின்னுவான். ஓட்டுக்கா," என்றாள் ஒருத்தி.

மெயின் கேட்டில் கம்பு இறங்கியிருந்தது. செக்யூரிட்டிக்காரன் தலையைச் சொறிந்தான்.

"மெஷின் வெளிய போகக் கூடாதுன்னு செக்ரட்டரி போன் பண்ணாரு."

"மெஷின் எங்களுதுப்பா."

"தெரியும்மா. நானா தடுக்கறேன்? நடந்ததுக்கு மன்னிப்புன்னு எழுதி, உன் தம்பி கையெழுத்துப் போட்டாத்தான் கம்பத் தூக்கணுமாம்."

சிவசங்கரி கியரைப் போட்டாள். வண்டியைப் பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் சேர்த்து அடைக்கிற மாதிரி குறுக்கே நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"எங்குளுது வெளிய போவாதுன்னா யாருதும் போவாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக்கு டவுனுக்குக் கிளம்புகிற நேரம். முதலில் ஒரு கார் வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் புல்தரை ஓரம் வரைக்கும் வரிசை நின்றது. ஹார்ன் மேல் ஹார்ன். வெளியே சாப்பாடு கொண்டு வந்த டெலிவரிப் பையன்கள் பைக்கில் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்த்தார்கள்.

ஜெயச்சந்திரன் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"வண்டிய ஓரம் கட்டும்மா!"

"கம்பத் தூக்கச் சொல்லுங்க சார். நேரா போய்க்கினே இருப்போம்."

"எழுதிக் குடுத்துட்டுப் போ."

"எழுத மாட்டேன்."

"பிரசாத் சார் போலீசுக்குப் போன் பண்ணிட்டாரு, தெரியுமா?"

"நல்லதாப் போச்சு. எங்க மெஷின எதுக்குப் புடிச்சு வெச்சீங்கன்னு அவங்களும் கேக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, போலீஸ் வந்தால் என்ன கேஸ் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெண் விவகாரம். கையில் பணம் இல்லாதவன் அதிலிருந்து வெளியே வர எத்தனை வருஷம் ஆகும் என்றும் தெரியும்.

வெங்கடம்மா பின்னாலிருந்து இறங்கினாள். கையில் தூக்குச்சட்டி. வண்டிக்கு முன்னால், கம்பின் கீழே, தார் ரோட்டில் முந்தானையை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னா பண்ற?"

"பசிக்குது. போலீசு வர்ற வரைக்கும் துன்னுக்கினு இருக்கேன்."

களி உருண்டையை விண்டு வேர்க்கடலைத் துவையலில் தொட்டு வாயில் போட்டாள். வண்டியிலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹார்ன் சத்தம் இன்னும் கூடியது. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

அப்போது கார்களுக்கு நடுவில் ஒரு பெண் நடந்து வந்தாள். வீட்டில் போடுகிற செருப்பு, வாராத தலை. பின்னால் தூரத்திலிருந்து பிரசாத்தின் குரல்.

"சுமித்ரா! எக்கடிகி? லோபலிகி ரா!" எங்கே போகிறாய், உள்ளே வா என்று.

அவள் திரும்பவில்லை. கம்புக்கு ரெண்டு அடி தள்ளி வந்து நின்றுவிட்டாள். சிவசங்கரி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். சுமித்ராவின் உதடு திறந்தது, மூடியது. எல்லாக் கார்களின் கண்ணாடிகளும் கீழே இறங்கின.

வெங்கடம்மாவுக்கு இந்த அம்மாள் யார் என்றே தெரியாது. பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, தன் சட்டியின் மேல் நிழல் விழ நிற்கிறாள், அவ்வளவுதான். வாயிலிருந்த கவளத்தை விழுங்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, நடுவுல நின்னுக்கினு? ஒண்ணு எங்களோட உக்காரு. இல்லன்னா தாண்டிப் போ."